தூண் ஓரத்து நாற்பது நிமிடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடு பேச என்னைக் கூப்பிடும்போதெல்லாம், தேநீர் இடைவேளைக்கு முன்பே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "சார், நீங்க பார்த்ததுலேயே எந்த ஏர்போர்ட்டு லவுஞ்சு பெஸ்ட்டு?"

கேட்பதில் தப்பில்லை. நம் பிழைப்பே அதுதான். விமானம் ஏறுவதற்கு முன்னால் உயர்வகுப்புப் பயணிகள் கொஞ்சம் வசதியாகக் காத்திருக்க விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் கூடங்களுக்கு, சாதாரணப் பயணியைப் போலப் போய் உட்கார வேண்டும். சாப்பிட வேண்டும், கழிப்பறையைப் பார்க்க வேண்டும், பணியாளர்களைக் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு லவுஞ்சை இன்னொன்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட வேண்டும். நாம் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியக்கூடாது. கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வரும் மச்சான் இன்றைக்கும் கேலி செய்வான்: "குந்தித் தின்னுட்டு மார்க்கு போடுற வேலை. எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க மாமா."

ஒப்பிட்டுச் சொல்வதென்றால் எனக்கும் நிறையத் தெரியும். ஒரு நகரத்து லவுஞ்சில் சோபாக்கள் அவ்வளவு மெத்தென்று இருக்கும். வயதானவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் தவிப்பார்கள். இன்னொரு இடத்தில் கூடத்தின் நடுவே செயற்கை நீரூற்று இருக்கும், ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கடைசி மூலை வரை நடக்க வேண்டும். அமைதி வேண்டுமென்று அறிவிப்பையே நிறுத்திவிட்ட ஒரு லவுஞ்சில், நன்றாகத் தூங்கி விமானத்தைத் தவறவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். நம் பக்கத்துச் சின்ன விமான நிலையம் ஒன்றில் நாலே மேசைதான். அங்கே இட்லி மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டால் கொடுப்பார்கள். அதற்கு நான் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து அலுவலகத்தில் சிரித்தார்கள்.

இதையெல்லாம் அனுபவத்தில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். நான் இன்று சொல்ல வந்தது, என் வேலைக்காலத்தில் நான் எழுதிய மிகத் துல்லியமான அறிக்கையைப் பற்றி. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்படியிருந்தும் அது தப்பான அறிக்கை.

வளைகுடாவில் பயணிகள் விமானம் மாறுகிற பெரிய விமான நிலையம் ஒன்று. மதியச் சாப்பாட்டு நேரம். லவுஞ்சில் நல்ல கூட்டம். நான் சுவரோரமாக உட்கார்ந்து கைப்பேசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசைகளைச் சுத்தம் செய்ய மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் இளையவள் ஒரு நேபாளப் பெண். பெயரட்டையில் சுனிதா என்றிருந்தது.

எனக்கு மூன்று நாற்காலி தள்ளி ஒரு தூண். அதன் அடியில் மின்சாரம் எடுக்கும் பிளக் பாயின்ட். தூணை ஒட்டிய நாற்காலியில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பேசியின் மேல் குனிந்திருந்தார். காதில் ஒயர். சுனிதா அந்தப் பக்கம் தட்டெடுக்கப் போனாள். ஒரு கணம் நின்று அவருடைய கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தட்டுகளைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, தூணோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

தெரிந்தவர் போலிருக்கிறது, சேர்ந்து சினிமா பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. மேசைகளில் எச்சில் தட்டுகள் சேர்ந்தன. ஒரு வெள்ளைக்காரர் தன் தட்டைத் தானே நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மற்ற இரண்டு பணியாளர்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுனிதா எழுந்திருக்கவில்லை. அவள் வலது கை தூணுக்குப் பின்னால் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஒருமுறை அந்த ஆள் காலிக் கையை நீட்டி விரித்தார். மறுபடியும் மூடி விரித்தார். மூன்று தடவை. கை மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து அவர் ஒயரைக் காதிலிருந்து எடுத்தார். "முடிஞ்சிட்டுது" என்றார். யாரிடம் சொன்னாரோ தெரியாது. ஆனால் தமிழில் சொன்னார், அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழில். அவர் பையில் தொங்கிய பிளாஸ்டிக் அட்டையில் லால்பேட்டை என்று ஒரு டிராவல்ஸ் முகவரி இருந்ததையும் பார்த்தேன். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். லால்பேட்டை எனக்கு ஒரு பஸ் தூரம். திரும்பி, "என்னங்க, எந்தத் தெரு?" என்று கேட்க வாய் வரை வந்தது. சோதனைக்குப் போன இடத்தில் யாரோடும் பேசக்கூடாது என்பது விதி. கேட்கவில்லை. அவர் எழுந்து போனபின், தூணில் இருந்த பிளக் பாயின்ட்டைச் சோதித்தேன். லூசாக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

என் அறிக்கையின் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: பணியாளர் ஒருவர் கூட்ட நேரத்தில் நாற்பது நிமிடம் விருந்தினர் பகுதியில் தரையில் அமர்ந்திருந்தார், மேசைகள் சுத்தம் செய்யப்படவில்லை. இன்னொரு பக்கத்தில், பராமரிப்புக் குறைகளின் கீழ்: தூண் அருகே மின் இணைப்பு நிற்கவில்லை. இரண்டுமே என் கையால் எழுதியவைதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து வீட்டில் இருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அறிக்கையின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை நமக்கு அனுப்புவார்கள் அல்லவா, அது. சுனிதாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பப்படுவார் என்று இருந்தது. விளக்கம் கேட்டதற்கு அவள் எழுதிக் கொடுத்ததையும் இணைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. அந்த விருந்தினர் வீட்டில் சாவு, போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜ் நிற்கவில்லை, நான் ஒயரைப் பிடித்துக்கொண்டேன்.

அதைப் படித்துவிட்டு என் அறிக்கையின் அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். என் மனைவி காபி வைக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மூணு சேர் தள்ளி."

"மூணு சேர் தள்ளி ஒக்காந்துகிட்டு என்னா பண்ணீங்க?"

காபியை ஓரமாக நகர்த்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.

அந்த லவுஞ்சின் மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். நல்ல மனிதர். ஆனால், "அறிக்கை பதிவாகிவிட்டது. இப்போது நீங்கள் மனம் மாறிச் சொல்வதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த விருந்தினரே எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன்" என்றார். விருந்தினர் யாரென்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை.

என் மேலதிகாரியிடமும் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "விட்டுடுங்க. நீங்க பார்த்ததத்தான் எழுதியிருக்கீங்க. இப்ப போயி தப்புன்னு சொன்னீங்கன்னா, இதுவரைக்கும் நீங்க எழுதுன எல்லா ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க. உங்களுக்கும் கெட்ட பேரு, கம்பெனிக்கும் கெட்ட பேரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. அப்போது என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க யோசித்தேன். காலையில் பஸ் ஏறிவிட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கே பஸ் மாறிக் காட்டுமன்னார்கோயில் வழியில் லால்பேட்டை. என்னிடம் இருந்தது அந்தப் பை அட்டையில் பார்த்த டிராவல்ஸ் பெயர் மட்டும்தான். அலுவலகம் கடைத்தெருவிலேயே இருந்தது. உள்ளே இருந்தவரிடம், இன்ன வாரம் வளைகுடாவிலிருந்து அவசரமாக வந்தவர், வீட்டில் சாவு என்று ஆரம்பித்தேன். முடிக்கக்கூட விடவில்லை.

"அட, நம்ம ஹபீபு! அத்தா மௌத்தாயி வந்தவரு. ஊருலதான் இருக்காரு, அடுத்த வாரம் போறாரு. நாந்தான டிக்கெட்டு போட்டேன். என்னா வெசயம்?"

இறந்தது அவருடைய தந்தை என்று புரிந்தது. வீட்டைக் காட்டச் சொன்னேன். அவரே கூட வந்து விட்டுவிட்டுப் போனார்.

ஹபீப் என்னை முன்னறையில் உட்கார வைத்தார். உள் வாசலில் திரை போட்டிருந்தது. கணவரை இழந்த அவருடைய அம்மா இத்தாவில் இருந்தார். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

நான் லவுஞ்சின் பெயரைச் சொன்னதும் ஹபீப் நிமிர்ந்தார். "ஆமா சார், அங்கதான் நாலு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். நான் வேலை பாக்குற ஊருலேருந்து வந்து அங்கதான் பிளைட் மாறணும். எகனாமியில எடம் இல்லைன்னு எங்க மொதலாளி பெரிய கிளாசுல டிக்கெட்டு எடுத்துக் குடுத்துட்டாரு. அந்த மாதிரி எடத்துக்கு மொத தடவ போறேன். விடியக்காலம் அத்தா போயிட்டாங்க. நான் வர்ற வரைக்கும் வைக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இங்க சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுத்துட்டாங்க, அங்க அப்ப மத்தியானம். எங்க மச்சான் போனப் புடிச்சிக்கிட்டே அடக்கம் பண்ற கபரஸ்தான் வரைக்கும் நடந்தாரு. நான் அங்கேருந்து பாத்தேன்."

கைப்பேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார்ஜி இல்ல சார். பிளக்கப் போட்டா நிக்கல. கையால அமுக்கிப் புடிச்சா ஏறுது, விட்டா கட்டாயிடுது. கண்ணுல தண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியல. அப்ப அந்தப் பொண்ணு வந்துச்சு. போனப் பாத்துச்சு. அத்தாவோட ஜனாஸாவத் தூக்குறாங்க அப்ப. ஒரு வார்த்த கேக்கல சார். கீழ ஒக்காந்து என் கைய எடுத்து வுட்டுட்டு, அது அமுக்கிக்கிச்சு. எல்லாரும் மூணு கைப்பிடி மண்ணு போட்டாங்க. நானும் வெறுங்கையால போட்டேன்."

விரிந்து மூடிய அந்தக் கை எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. பெரிய எடம்ல, அங்கல்லாம் அப்படித்தான் செய்வாங்க, அதுக்குன்னு ஒரு ஆளு வச்சிருப்பாங்கன்னு நெனச்சிட்டேன். பிளைட்டுல ஒக்காந்த பின்னாடிதான் தோணுச்சு, எந்த ஊருல இப்படி ஆளு வச்சிருக்கான்னு."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வேலை போகப்போகிறது. மேசைகள் துடைக்கவில்லை என்று ஒரு அறிக்கை போயிருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தால் தப்பிக்க வழி உண்டு. இவ்வளவும் சொன்னேன். எழுதியது யாரென்று சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தபின் வாய் வரவில்லை.

ஹபீபே கேட்டுவிட்டார். "யாரு சார் எழுதுனது? ஒக்காந்திருக்கிற புள்ளய ஏன் ஒக்காந்திருக்கேன்னு ஒரு வார்த்த கேக்காம எழுதுவானா ஒருத்தன்?"

"நான்தாங்க" என்றேன். "உங்களுக்கு மூணு சேர் தள்ளி நான்தான் இருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். எழுந்து திரையை விலக்கி உள்ளே போய்விட்டார். வெளியே போகச் சொல்லத்தான் ஆளை அனுப்புவார் என்று நினைத்துச் செருப்பைப் பார்த்தேன். உள்ளே அம்மாவும் மகனும் பேசும் குரல் கேட்டது. பிறகு அம்மா திரைக்குப் பின்னாலிருந்தே என்னிடம் பேசினார்.

"அந்தப் புள்ளைக்கி எம்மாம் வயசு இருக்குங்க?"

"இருபத்தஞ்சுக்குள்ளதாம்மா இருக்கும்."

"அது புடிக்கலன்னா எம் மவன் அவுங்க அத்தா மொகத்தக் கடைசியா பாத்திருக்க மாட்டான். எம் மவன் எழுதித் தருவான். நீங்களும் எழுதுங்க. நீங்க எழுதுனாத்தான் அங்க எடுபடும்."

ஹபீப் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலேயே உட்கார்ந்து தமிழில் எழுதினார். ஒன்றரைப் பக்கம். எழுத எழுத அவர் முகம் இளகியது. முடித்ததும், "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அந்த வீட்டில் நான் சாப்பிட்ட சோறுதான் என் வாழ்க்கையில் மதிப்பெண் போட எனக்குத் தகுதி இல்லாமல் சாப்பிட்ட ஒரே சாப்பாடு.

அவர் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். அதோடு என்னுடைய இன்னொரு அறிக்கையும் சேர்த்தேன். அதில் சுனிதாவுக்காக இரக்கம் காட்டும்படி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கண்ட இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்காதது மதிப்பீட்டாளரின் தவறு, இணைப்பு பழுதாக இருந்தது நிர்வாகத்தின் தவறு, இந்த இரண்டு தவறையும் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அந்தப் பணியாளர் என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அனுப்புங்க. பாத்துக்கலாம்" என்றாள்.

நாலு நாள் ஒரு பதிலும் இல்லை. அந்த நாலு நாளில் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். சுனிதா அங்கேயே இருக்கிறாள், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்றார்.

மேலதிகாரி பயந்ததும் நடந்தது. அந்த விமான நிலையத்துக்கு இனி நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் வெளியே எங்கும் அனுப்பாமல், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். உங்களைப் போன்றவர்களோடு நான் பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதில் கொஞ்சம்தான். விதிகளை மீறுங்கள் என்று சொல்ல மாட்டேன். யாரென்று காட்டிக்கொள்ளாமல் இருப்பது நம் வேலைக்கு அவசியம். ஆனால் ஒருவருடைய பிழைப்பைத் தொடுகிற வரி ஒன்றை எழுதும்போது, ஏன் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெரியவில்லை என்று எழுதுங்கள். "காரணம் தெரியவில்லை" என்ற இரண்டு வார்த்தையை நான் அன்றைக்குச் சேர்த்திருந்தால், யாராவது அவளைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டிருப்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை எழுதுவது திறமைக் குறைவு என்று அப்போது நினைத்தேன்.

சுனிதாவை நான் பிறகு பார்க்கவே இல்லை. ஹபீப் வேலைக்குத் திரும்புவதற்கு முன் அவரிடம், அந்தப் பெண்ணைப் பார்த்தால் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். "அத நீங்கதான் சார் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். சரிதான். மேலாளர் வழியாக ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

ஹபீப் புறப்பட்ட மறுநாள் நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. விமானம் மாறுவதற்காக அதே விமான நிலையத்தில் இறங்கியிருந்தார். அவருடைய அம்மா முந்திரிப்பருப்பை நெய்யில் வறுத்து, ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு லவுஞ்சு வாசலுக்குப் போய், வரவேற்பு மேசையில் சுனிதாவைக் கேட்டிருக்கிறார்.

"வந்துச்சு சார். பாத்த ஒடனே தெரிஞ்சிக்கிச்சு. அம்மா குடுத்தாங்கன்னு டப்பாவக் குடுத்தேன். அதுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அது பேசுறது தெரியாது. தொறந்து ஒண்ண எடுத்து வாயில போட்டுச்சு. எனக்கும் ஒண்ணு குடுத்துச்சு. அத்தாவ அடக்கம் பண்ணுன எடத்தப் போட்டோ எடுத்து வச்சிருந்தேன், காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துச்சு சார்."

"உள்ள ஒக்கார வச்சாங்களா?" என்று கேட்டேன். என் பஸ் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் சிதம்பரம், சிதம்பரம் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"கூப்புட்டுச்சு சார். உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போன்னு சாடையிலயே கையப் புடிக்காத கொறையா கூப்புட்டுச்சு. நான் போவல. இந்தத் தடவ எங்கிட்ட எகனாமி டிக்கெட்டு. என்ன உள்ள வுட்டதுக்கு அதுக்கு மறுபடியும் ஏதாச்சும் வந்துடக் கூடாதுல்ல. வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்."

பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. நான் போனைக் காதில் வைத்தபடி அங்கேயே நின்றேன்.